சத்தமில்லாமல் பார்த்தவள்

அந்த ஆபீசில் அவளுக்கு மிஷினம்மா என்று பெயர். வைத்தவர் பக்கத்து நாற்காலிக்காரர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கழுத்தில் தொங்குகிற அட்டையில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதை யார் நின்று படிக்கிறார்கள்? ஒரு நாளைக்கு எழுநூறு பார்த்தால் போதும் என்று கம்பெனி சொன்னால் இவள் தொள்ளாயிரம் பார்ப்பாள். சாப்பிட எழுந்து போகும்போதுகூட அவளுடைய வலது ஆள்காட்டி விரல் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். "மிஷினம்மா, விரலுக்குக் கொஞ்சம் ஆயில் விட்டுட்டு வாங்க" என்பார் பக்கத்து நாற்காலிக்காரர். தடிமனான கண்ணாடி போட்ட மனிதர், முன்பு ஒரு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். அவளும் சிரித்துக்கொண்டே போவாள்.

அப்படி என்னதான் வேலை என்று கேட்பீர்கள். போனில் எல்லாரும் படம் போடுகிறோம், வீடியோ போடுகிறோம். அதில் ஒன்று யாருக்காவது பொறுக்க முடியாமல் போனால், ஒரு ஓரத்தில் இருக்கிற மூன்று புள்ளியைத் தொட்டு, இது தப்பு, இதை எடுங்கள் என்று புகார் செய்கிறோம். அந்தப் புகார் எங்கே போகிறது? ஆகாயத்துக்குப் போகிறது என்றுதான் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு கட்டடத்தின் நாலாவது மாடிக்குப் போகிறது. ஜன்னலெல்லாம் திரை போட்டு மூடிய ஹாலில், தமிழுக்கென்று ஒதுக்கிய மூலையில் ஐந்தே ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு திரை, திரையில் இரண்டு பட்டன். ஒன்று 'நீக்கு'. இன்னொன்று 'விடு'. ஏதோ சிம்மாசனத்தில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்கிற வேலை என்று தோன்றும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், உலகத்துக் குப்பையை நாளெல்லாம் கண்ணால் கிளறுகிற வேலை அது.

சேர்ந்த புதிதில் மிஷினம்மா எல்லாவற்றையும் சத்தத்தோடுதான் பார்த்தாள். ஒரு நாள், நாலு பேர் சேர்ந்துகொண்டு ஒரு நாயைச் சித்திரவதை செய்ததைப் பார்த்தாள். பார்த்ததைக்கூடத் தாங்கிக்கொண்டாள், கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. இப்படி ஆளாளுக்கு எழுந்து ஓட ஆரம்பித்ததும் கம்பெனி ஒரு ஆலோசகர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தது. நல்ல மனுஷிதான், குறை சொல்வதற்கில்லை. மூன்று வழி சொல்லிக்கொடுத்தார். கலரை எடுத்துவிடுங்கள், கறுப்பு வெள்ளையாகவே தெரியட்டும். படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். சத்தத்தை அடைத்துவிடுங்கள். "அப்பதான் மனசுக்குள்ள இறங்காது" என்றார்.

இறங்கவில்லைதான். மிஷினம்மா அன்றைக்கே மூன்றையும் செய்தாள். சாப்பாடு பிடித்தது, தூக்கம் வந்தது, வேகமும் கூடியது. பார்த்ததுமே தப்பில்லை என்று தோன்றுகிறவற்றுக்கு நாலே நொடி. நாலு வருஷமாக அந்தத் திரையிலிருந்து அவள் காதுக்கு ஒரு சத்தமும் வந்ததில்லை. அவளைப் பார்த்து மற்ற நாலு பேரும் அப்படியே பழகிக்கொண்டார்கள்.

என்ன வேலை செய்கிறோம் என்று வெளியே மூச்சு விடக் கூடாது. சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நாற்காலியைக் காட்டினார்கள். அதனால் வீட்டில் அவள் 'கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிறவள்'. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பாதி நாள் ஏதோ ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவே தொங்கிக்கொண்டிருப்பவருக்கு மனைவி என்ன டைப் அடிக்கிறாள் என்று துருவிக் கேட்க நேரம் ஏது? கேட்கக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள், மகள்.

மகளுக்குப் பதினைந்து வயது. அப்பா வைத்த செல்லப் பெயர் ரேடியோ. பல் தேய்க்கும்போதுகூட வாயில் நுரையோடு கதை சொல்லும். கணக்கு டீச்சர் தும்மியது, பஸ்ஸில் ஒருத்தர் தூங்கி அடுத்தவர் தோளில் விழுந்தது, தோழியின் அக்கா ஒருத்தனோடு பேசாமல் இருப்பது, எல்லாம் காலை ஆறரை மணிக்கே ஒலிபரப்பாகிவிடும். மிஷினம்மா அவளை முன்னால் உட்காரவைத்து ரெட்டைச் சடை பின்னிக்கொண்டே பாதியைக் கேட்பாள், பாதியை விட்டுவிடுவாள். "எங்கிட்ட லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககூட இவ்வளவு சத்தம் போட மாட்டாங்க" என்று அப்பா காதைப் பொத்திக்கொள்வார்.

இந்த வருஷம் அந்த ரேடியோவின் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. திடீரென்று நின்றிருந்தால் யாராவது திடுக்கிட்டிருப்பார்கள். குறைந்துகொண்டே போனதால், வளர்கிறாள், அடக்கம் வருகிறது என்று நினைத்தார்கள். ஆறு தோழிகள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் ஐந்து பேர் மட்டும் தனியாக இன்னொன்று ஆரம்பித்துவிட்டார்கள் என்பது இவளுக்குத் தற்செயலாகத் தெரிந்தது. சண்டை போட்டிருந்தால் சமாதானமாகியிருக்கலாம். சண்டையே இல்லை. சும்மா விட்டுவிட்டார்கள். அதிலிருந்து போன் அவள் கையோடு ஒட்டிக்கொண்டது. ஒரு படம் போடுவாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்ப்பாள். அரை மணியில் அந்தப் படத்தை எடுத்துவிடுவாள். ஒரு சாயந்திரம் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, என் மூஞ்சி கோணலா இருக்கா?"

"யாருடி சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. யாருமே ஒண்ணுமே சொல்லல. அதான் கேக்கறேன்."

"போடி, வேலையத்தவளே. போய்ப் படி" என்றாள் மிஷினம்மா. நாளெல்லாம் தொள்ளாயிரம் முகம் பார்த்துவிட்டு வந்தவளுக்கு அன்றைக்கு இன்னொரு முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக் கழற்றாமலே கட்டிலில் குப்புற விழுந்தாள். மறுநாள் காலை வயிற்றுவலி. அதற்கு மறுநாளும் வயிற்றுவலி. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாத வலி தினம் காலை ஏழு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் வந்தது. வாய் பேச்சு நின்றுபோனது. சாப்பிடுகிறாயா என்றால் தலையசைப்பு, படுத்துக்கொள்கிறாயா என்றால் தலையசைப்பு. போன் மட்டும் தலையணைக்கடியில் சூடாகக் கிடந்தது.

எல்லாம் இந்தச் சனியன் பிடித்த போனால் வந்தது என்று மிஷினம்மா ஒரு நாள் அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை எழுந்து வந்து பீரோக் கதவை நகத்தால் பிராண்டியதைப் பார்த்து அப்பாவே சாவிக்குக் கை நீட்டினார். "குடுத்துடு, குடுத்துடும்மா, பாக்காம இருந்தா என்ன சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாது, குடுத்துடு" என்று அலறினாள். யார் சொல்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று எவ்வளவு கேட்டும் பதில் இல்லை. போனைக் கொடுத்த பிறகுதான் மூச்சு சீரானது. அன்று இரண்டு பேரும் மகளைவிட போனுக்குத்தான் பயந்தார்கள்.

மூன்றாவது வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. வருகிற திங்கட்கிழமைக்குள் மாணவி வரவில்லை என்றால், வருகைப் பதிவு போதாத காரணத்தால் இந்த வருஷம் பொதுத்தேர்வு எழுத முடியாது. ஒரு வருஷம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம், ஆனால் ஒரு வருஷம் அந்தக் கட்டிலில் அப்படியே கிடந்தால் மகள் மகளாக மிஞ்ச மாட்டாள் என்று மிஷினம்மாவுக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

ஆசிரியர் அறையில் கிளாஸ் டீச்சர் நோட்டுக் கட்டுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மிஷினம்மா வயிற்றுவலிக் கதையைச் சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி, திறந்து, மூடினார்.

"அந்த வீடியோ விஷயம் உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?"

"எந்த வீடியோ?"

டீச்சர் தன் போனை எடுத்துத் தேடிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வகுப்பறை. கடைசி பெஞ்சிலிருந்து யாரோ திருட்டுத்தனமாக எடுத்தது. முன்னால் ஒரு பெண் எழுந்து நின்று புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசிக்கிறாள். முதுகும் ரெட்டைச் சடையும்தான் தெரிகிறது. முதல் வரி வாசித்தாள். இரண்டாவது வரியில் மூச்சு தடுக்கியது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. மறுபடி இழுத்தாள். தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி ஒரு கீச்சுச் சத்தம், அப்புறம் இன்னொன்று, அப்புறம் நிற்காமல் வரிசையாக. தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை காற்றுக்குத் தவிக்கிற சத்தம். சுற்றிலும் முதலில் அமைதி, பிறகு ஒரு கிளுகிளுப்பு, பிறகு வகுப்பே சிரித்தது. அந்தச் சத்தத்துக்கு யாரோ பின்னால் மேளத் தாளம் சேர்த்திருந்தார்கள்.

அது தன் மகளின் முதுகு என்று மிஷினம்மாவுக்குப் புரிந்தது. அந்தச் சடையைப் பின்னியதே அவள்தான். ஆனால் அதற்குள் அவள் கண் இன்னொரு இடத்துக்குப் போய்விட்டது. கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு உலகப் படம், ஒரு மூலை ஆணி பிடுங்கிக்கொண்டு சாய்வாகத் தொங்கியது. இந்தப் படத்தை அவள் பார்த்திருக்கிறாள். கலர் இல்லாமல், தீப்பெட்டி அளவில், சத்தமில்லாமல் பார்த்திருக்கிறாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆணி அடிக்க ஆளில்லையா என்று அப்போது நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. ஒரு பெண் நின்று பாடம் வாசிக்கிறாள், இதில் என்ன தப்பு? 'விடு'.

பெற்ற பிள்ளையின் முதுகு தெரியவில்லை, சுவரில் தொங்கிய படம் தெரிந்திருக்கிறது. என்னத்தைச் சொல்ல?

"இதோட போகலைங்க" என்றார் டீச்சர், ஜன்னலைப் பார்த்தபடியே. "இந்தச் சத்தத்தை மட்டும் தனியா எடுத்து எல்லாப் பசங்களும் நடிச்சுப் போடறாங்க. வேற ஸ்கூல், வேற ஊர்ப் பசங்க எல்லாம்." அவர் காட்டிய அடுத்த வீடியோவில் ஒரு பையன் ஸ்டார்ட் ஆகாத பைக்கை உதைக்கிறான், வண்டி இழுக்கிற சத்தத்துக்குப் பதிலாக இவளுடைய மூச்சு. அடுத்ததில் ஒரு பெண் தன் பூனையின் வாயை அசைக்கிறாள், அதே மூச்சு. அதற்கடுத்ததில் அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து நடிக்கிறார்கள். அப்பாவாம்! வயசு நாற்பதாவது இருக்கும்.

"போன் கொண்டுவந்த பையனை ஒரு வாரம் நிறுத்திவச்சோம்" என்றார் டீச்சர். பிறகு குரல் தணிந்தது. "அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன். பதட்டத்துல மூச்சு அடைச்சுத் தவிச்சா. உட்காரும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பத்தியை முடிச்சுடட்டும்னு நின்னுட்டேன்." மிஷினம்மா அவரைக் கோபித்துக்கொள்ள வாயைத் திறந்தாள். எந்த முகத்தோடு கோபிப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மிஷினம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பாத்துட்டேன்டி."

முதுகு அசையவில்லை. மூன்று வாரமாகச் சரியாகப் பேசாத தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு கேள்வி வந்தது.

"எத்தனை பேர் பாத்திருக்காங்கன்னு பாத்தியா?"

"இல்ல."

"ரெண்டு லட்சத்துப் பதினோராயிரம். காலைல ரெண்டு லட்சத்து எட்டாயிரம்." திரும்பி உட்கார்ந்தாள். ஆரம்பித்துவிட்டால் நிற்கவில்லை. "நான் சும்மா இல்லம்மா. ரிப்போர்ட் பண்ணேன். மூணு தடவை பண்ணேன். 'நாங்கள் பரிசீலித்தோம். எங்கள் விதிகளுக்கு எதிராக எதுவும் இல்லை.' மூணு தடவையும் அதேதான் வந்துச்சு. கிளாஸ்ல சிரிச்சாங்க, சரி, பசங்க சிரிப்பாங்க. ஆனா அங்க உக்காந்து பாக்கறவங்க பெரியவங்கதானே? அவங்களே பாத்துட்டுப் பரவால்லன்னு சொல்லிட்டாங்க. அப்போ அது பரவால்லதான். எனக்குத்தான் கிறுக்கு. நான்தான் சும்மா பெருசு பண்றேன்."

"அப்படியெல்லாம் இல்லடி கண்ணு."

"அப்போ ஏம்மா அப்படிச் சொன்னாங்க?"

நான்தான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்ததும் திரும்ப உள்ளே போய்விட்டது. மிஷினம்மா வேறொன்று கேட்டாள்.

"அது போயிடுச்சுன்னா ஸ்கூலுக்குப் போவியா?"

"அது போகாது."

"போச்சுன்னா?"

மகள் போர்வை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "யாராவது அது தப்புதான்னு சொன்னாப் போவேன்" என்றாள்.

"சொல்ல வைக்கிறேன். எனக்குத் தெரிஞ்சவங்க அங்க இருக்காங்க."

"உனக்கா?" என்று மகள் நம்பாமல் பார்த்தாள். மூன்று வாரத்தில் அவள் முதன்முதலாக நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை காலை, அந்த ஐந்து பேரையும் மேய்க்கிற லீடர் வந்து உட்காருவதற்குள் மிஷினம்மா அவன் மேஜை முன்னால் நின்றாள். அவளைவிடப் பத்து வயது சின்னவன், எல்லாரையும் அக்கா அண்ணா என்று கூப்பிடுகிற மரியாதையான பிள்ளை. விஷயத்தைச் சொன்னாள். அவன் பதைத்துப்போய்ப் பதிவைத் திறந்தான்.

"முதல் புகார் இந்த மாசம் மூணாம் தேதி, மதியம் ரெண்டு பதினாலு. முடிவு, விடு. பார்த்த நேரம், நாலு செகண்ட்." மேற்கொண்டு படிக்காமல் அவள் கழுத்தட்டையில் இருந்த எண்ணைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடி அட்டையைப் பார்த்தான். "அக்கா..."

"தெரியும் தம்பி. அடுத்த ரெண்டையும் யார் பாத்தா?"

"யாரும் பாக்கலக்கா. ஒரு தடவை முடிவு சொல்லிட்டா, அப்புறம் அதே வீடியோவுக்கு எத்தனை புகார் வந்தாலும் சிஸ்டமே அந்தப் பதிலைத் திருப்பி அனுப்பிடும்."

ஆக, ஒரு பிள்ளை மூன்று தடவை கதவைத் தட்டியிருக்கிறாள். முதல் தடவை அம்மா திறந்து பார்த்துவிட்டுச் சாத்தியிருக்கிறாள். மிச்சம் இரண்டு தடவை உள்ளே ஆளே இல்லை.

சொந்தக்காரர் விஷயத்தில் அவள் கை வைக்கக் கூடாது, அது விதி. லீடர் அதைப் பக்கத்து நாற்காலிக் கண்ணாடிக்காரருக்கு மாற்றினான். அவர் மேஜை இழுப்பறையின் அடியிலிருந்து தூசி படிந்த ஹெட்போனை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். கலரைப் போட்டார். படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார். நாற்பது நொடி ஓடியது. மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். அப்புறம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வந்து உட்கார்ந்து 'நீக்கு' பட்டனை அழுத்தினார். நாள் முழுக்க ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற மனுஷன், அன்று மிஷினம்மா பக்கம் திரும்பவே இல்லை.

மூல வீடியோ போனது. சத்தம் போகவில்லை. ஒலியைத் தனியாகப் பார்க்கிற பிரிவு வேறு எங்கோ, வேறு நாட்டில் இருந்தது. படிவம் அனுப்பினார்கள். 'இந்த ஒலியில் வசைச் சொல் எதுவும் இல்லை' என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினார்கள், மறுபடி அதே பதில். மிஷினம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. கண்ணாடிக்காரர் விதிப் புத்தகத்தின் நானூறு பக்கத்தையும் பழைய பிழைதிருத்தும் கண்ணால் வரி வரியாக மேய்ந்து, மதியம் மூன்று மணிக்கு ஒரு வாக்கியத்தைப் பிடித்தார். உடல்நலக் கோளாறால் அவதிப்படும் சிறுவர்களின் பதிவுகளைக் கேலிக்குப் பயன்படுத்தக் கூடாது. "வசைச் சொல்லைத் தேடினா எங்கிருந்து கிடைக்கும்? இதுல சொல்லே இல்லையே, மூச்சுத்தானே இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த விதியின் எண்ணைப் போட்டு மூன்றாவது படிவம் எழுதினார். இரண்டு நாளில் பார்ப்பதாகப் பதில் வந்தது.

"அக்கா, இன்னொண்ணு" என்று லீடர் தயங்கித் தயங்கி வந்தான். "முடிவு மாறினதால உங்களுக்கு ஒரு மிஸ்டேக் விழும். தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறு இருந்தது, புள்ளி ரெண்டாயிடும். அதுவும் நல்ல மார்க்தான்க்கா." அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். அவனை அடிப்பதா, அவன் தோளில் விழுந்து அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மீதி நேரம் அவள் சத்தத்தோடு பார்த்தாள். மாலைக்குள் நூற்று நாற்பதுகூட ஆகவில்லை. முன்பெல்லாம் பிள்ளைகள் ஏதோ விளையாடுகிறார்கள் என்று தள்ளிவிடுகிற மாதிரி வீடியோக்கள்தான் பாதி. சத்தம் வைத்துக் கேட்டால், அதில் ஒரு பிள்ளை விளையாடவில்லை. போதும், விடுங்கடா என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம். நாலு வருஷம். பெருக்கிப் பார்க்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவளுக்குத் தன் விரலைப் பார்த்துப் பயம் வந்தது.

சனிக்கிழமை முழுக்க மகள் போனும் கையுமாகக் கிடந்தாள். "வீடியோ போச்சு, ஆனா சத்தம் இருக்கு" என்றாள் ஒருதரம். "போகும்" என்றாள் மிஷினம்மா. அப்பா தன் பங்குக்கு, எடுத்த பையன் வீட்டுக்குப் போய்க் கதவை உடைக்கப் போகிறேன் என்று ஸ்பேனரைத் தூக்கினார். பிறகு அதை வைத்துவிட்டு மகளின் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டார். பிள்ளையும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி இருக்கும். அப்பா ஏதோ ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுவிட்டதென்று ஓடியிருந்தார். மிஷினம்மா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

"அம்மா. இங்க பாரேன்."

மகள் போனை நீட்டினாள். அந்தப் பையன் பைக்கை உதைக்கிறான், உதைக்கிறான், ஒரு சத்தமும் இல்லை. அடியில் சின்ன எழுத்தில், இந்த ஒலி நீக்கப்பட்டது. பூனைக்காரிக்கும் அப்படியே. அந்த அப்பனும் மகனும் ஊமை மாதிரி வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். மகள் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். பத்துப் பதினைந்து காட்டிய பிறகும் நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டைத் திறந்து பார்த்தாள். பிறகு போனை மேடையில் கவிழ்த்துவைத்துவிட்டு, அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

"எப்படிம்மா பண்ணே?"

"சொன்னேனே, தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு. கண்ணாடி போட்ட ஒரு மாமா. முழுசா, சத்தத்தோட ரெண்டு தடவை கேட்டாராம்."

"ரெண்டு தடவையா?"

"ம்."

"கேட்டுட்டு என்ன சொன்னாராம்?"

"ஒண்ணும் சொல்லலையாம். எழுந்து போய் மூஞ்சி கழுவிட்டு வந்தாராம்."

முதுகில் பதிந்திருந்த கன்னம் ஈரமாவது மிஷினம்மாவுக்குத் தெரிந்தது. மூன்று வாரமாகக் கல்லாகக் கிடந்த பிள்ளை இப்போதுதான் அழுகிறாள். அழட்டும் என்று விட்டாள். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு இவளும் அழுதாள்.

"நாளைக்குப் போறேம்மா" என்றாள் மகள். "முதல் நாள் மட்டும் நீ கேட் வரைக்கும் வா."

"வரேன். கிளாஸ் வரைக்கும் வேணாலும் வரேன்."

"நீ போய்க் கேக்கலைன்னா யாரும்மா எனக்காகக் கேட்டிருப்பாங்க." கையை இன்னும் இறுக்கினாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது. வரும் என்று வியாழக்கிழமையிலிருந்தே அவளுக்குத் தெரியும். "அப்போ முதல்ல பாத்தது யாரும்மா? பாத்துட்டுப் பரவால்லன்னு சொன்னது?"

மிஷினம்மா கத்தியைக் கீழே வைத்தாள். சொல்லிவிடு என்றது ஒரு மனசு. இவ்வளவு நாள் இந்தப் பிள்ளையைச் சுற்றி எத்தனை பேர் நடித்தார்கள், நீயும் நடிக்காதே என்றது. இன்னொரு மனசு நாளைக் காலையைப் பார்த்தது. கேட் வரைக்கும் இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கப்போகிறவள், இந்தக் கைதான் அந்தப் பட்டனை அழுத்தியது என்று தெரிந்தால் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பாள்? மறுபடி கட்டிலில் போய்ப் படுத்தால் இந்தத் தடவை யார் வந்து எழுப்புவது?

"வேற ஒருத்தி" என்றாள்.

"பொம்பளையா?"

"ம்."

மகள் அதை யோசித்துப் பார்த்தாள். கோபத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

"அவளுக்குப் புள்ளைங்க இருந்திருக்காதும்மா."

மிஷினம்மா மகளின் கை மேல் தன் கையை வைத்தாள்.

"இருந்திருக்காது" என்றாள்.